வேலைக்கும் போய்க்கிட்டே டிஎன்பிஎஸ்சி படிக்கிறவங்களுக்கு: எதை எடுக்கணும், எதை விடணும் (முழு வழிகாட்டி)

காலைல எட்டரைக்கு கிளம்பி நைட் எட்டு மணிக்கு வீடு வந்து, சாப்பிட்டு பாத்திரம் கழுவி உக்காரும்போது மணி பத்து ஆகுது. டேபிள்ல ஆறாம் வகுப்பு தமிழ் புக் இருக்கு, பக்கத்துல பேங்க் எக்ஸாமுக்கு வாங்கின ரீசனிங் புக், எஸ்எஸ்சிக்கு (மத்திய அரசு வேலைக்கான தேர்வு) அப்ளை பண்ணி அதுக்கு ஒரு மேத்ஸ் புக், ஃபோன்ல டெலிகிராம் க்ரூப் எத்தனைன்னு எண்ணவே முடியாது. எதை எடுக்கறதுன்னு யோசிச்சே இருபது நிமிஷம் போயிடும், அப்புறம் "கரண்ட் அஃபயர்ஸ் மட்டும் பார்ப்போம்"னு யூட்யூப் திறந்தா கதை முடிஞ்சுது.

இப்படி இருந்துக்கிட்டு டிஎன்பிஎஸ்சிக்கு, அதாவது தமிழ்நாடு அரசு வேலைக்கு ஆள் எடுக்கிற தேர்வாணையத்தோட தேர்வுக்கு, படிக்கிறவங்களுக்காகத்தான் எழுதறேன். முழு நேரமா லைப்ரரில உக்காந்து படிக்கிறவங்களுக்கு இதுல பாதி பொருந்தாது. டாப்பரோட டைம்டேபிள் வேணும்னு வந்திருந்தாலும் இங்க கிடைக்காது, அவங்க டைம்டேபிள் உங்க வீட்டுக்கும் உங்க ஷிஃப்டுக்கும் செட் ஆகாது. நானும் ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ்ல இருந்துக்கிட்டேதான் படிச்சேன், இப்ப அரசு அலுவலகத்துல உதவியாளர். என்கிட்ட சந்தேகம் கேட்டு வர்ற தம்பி தங்கச்சிங்க முக்கால்வாசி பேர் சோம்பேறிங்க கிடையாது, நல்லாவே உழைக்கிறாங்க. எதை விடறதுன்னு மட்டும் முடிவு பண்ணாம எல்லாத்தையும் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க.

படி 1: எதுக்கு இந்த வேலை வேணும்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க

சும்மா மனசுல நினைக்கக் கூடாது, எழுதணும். பழைய ஆபீஸ்ல கூட வேலை பார்த்த ஒரு தம்பி கிட்ட இதைச் சொன்னப்போ நடந்த பேச்சு இது.

"ஏன்டா கவர்மெண்ட் வேலை?"

"வீட்ல சொல்றாங்கக்கா."

"அது அவங்க காரணம். உன் காரணம் என்ன?"

"இந்த மேனேஜரோட முடியலக்கா. சண்டே கூட கால் பண்றாரு."

"மேனேஜர் மாறிட்டா படிப்பியா?"

கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "தெரியலக்கா"ன்னான். மூணு மாசத்துல வேற கம்பெனிக்கு மாறிட்டான், இப்ப நல்லா இருக்கான், புக்ஸ் எல்லாம் அவன் தங்கச்சிக்கு கொடுத்தாச்சு. அவனுக்கு வேண்டியிருந்தது வேற மேனேஜர், அதுக்குப் போய் ரெண்டு வருஷம் சமச்சீர் புக் (தமிழ்நாடு அரசோட பள்ளிக்கூட புக்) படிக்கணுமா?

ஊரை விட்டு போக முடியாது, அப்பா அம்மாவை பார்த்துக்கணும், கல்யாணத்துக்கு அப்புறமும் வேலை நிக்கணும், சம்பளம் மாசா மாசம் தேதி தவறாம வரணும், இப்படி எதாவது நிஜமான காரணம் இருந்தா அது ரெண்டு வருஷம் தாங்கும். கூடவே சம்பளத்தையும் எழுதுங்க. குரூப் 4-ல (பத்தாவது முடிச்சவங்களும் எழுதற டிஎன்பிஎஸ்சி தேர்வு) இளநிலை உதவியாளர், விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) ரெண்டுக்கும் ஊதிய விகிதம் 19,500-ல இருந்து 71,900 வரைக்கும், அடிப்படைக்கு மேல அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் சேரும். இன்னைக்கு பதினெட்டாயிரம் வாங்கறவங்களுக்கு இது ஏற்றம்தான். சென்னைல ஐம்பதாயிரம் வாங்கிக்கிட்டு ஹவுசிங் லோன் கட்டறவங்களுக்கு சேர்ற அன்னைக்கு இது இறக்கம், அதை வீடு தாங்குமான்னு இப்பவே பேசிடுங்க, செலக்ட் ஆனதுக்கு அப்புறம் உக்காந்து அழறதுல அர்த்தம் இல்ல.

படி 2: ஒரே ஒரு தேர்வுக் குடும்பம்

அப்ளை பண்றது வேற, படிக்கிறது வேற. நாலு தேர்வுக்கு அப்ளை பண்ணுங்க, தப்பில்ல, ஃபீஸ்தான் போகும். படிப்பு மட்டும் ஒரு பக்கம்தான் இருக்கணும், ஏன்னா இந்த தேர்வுகளோட குணமே வேற வேற.

பேங்க் கிளார்க் பிரிலிம்ஸ் (முதல் கட்டத் தேர்வு) 60 நிமிஷத்துல 100 கேள்வி, தப்பானா கால் மார்க் போகும். எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டமும் ஒரு மணி நேரம் 100 கேள்விதான், தப்புக்கு அரை மார்க் மைனஸ். ரயில்வேல மூணுல ஒரு பங்கு போகும். இதெல்லாம் வேகத்துக்கான தேர்வு, தெரியாததைத் தாண்டிப் போற பழக்கம் வேணும். டிஎன்பிஎஸ்சி குரூப் 4-ல 200 கேள்விக்கு மூணு மணி நேரம், தப்பான விடைக்கு மைனஸ் கிடையாது, பாதி பேப்பர் தமிழ். இது நிதானமா புக்கை வரி வரியா படிச்சவங்களுக்கான தேர்வு. ஒரே மூளைய ரெண்டு விதமா பழக்கறதுக்கு முழு நேரமா படிக்கிறவங்களே திணறுவாங்க, வேலைக்கும் போறவங்க நிலைமைய கேக்கவே வேணாம்.

ஆனா டிஎன்பிஎஸ்சிக்கு உள்ளயே குரூப் 4-ம் குரூப் 2 பிரிலிம்ஸும் சேர்ந்து போகும். ரெண்டுலயும் மொழி 100 கேள்வி, பொது அறிவு 75, ஆப்டிட்யூட் (கணக்கும் புத்திக்கூர்மையும்) 25. டிகிரி இருந்தா ரெண்டையும் ஒரே படிப்புல எழுதலாம், குரூப் 2 கொஞ்சம் ஆழமா கேப்பாங்க அவ்ளோதான். குரூப் 1 தனி உலகம், மெயின்ஸ்ல (பிரிலிம்ஸுக்கு அடுத்த கட்டம்) பக்கம் பக்கமா எழுதணும், பொதுப் பிரிவுக்கு 34, மத்த பிரிவினருக்கு 39-னு வயசு வரம்பும் இருக்கு. வேலையோட சேர்த்து அதைத்தான் குறி வைக்கணும்னா வைங்க, ஆனா "குரூப் 1-க்கு படிச்சா குரூப் 4 தானா வந்துடும்"னு சொல்றதை நம்பாதீங்க. குரூப் 4-ல பாதி பேப்பர் தமிழ், அதைத் தனியா உக்காந்து படிக்காம மேல வரவே முடியாது.

இன்னொன்னையும் கண்ணைத் திறந்து பாருங்க. குரூப் 4 அறிவிப்புல 2022-ல 7,301 இடம், 2024-ல 6,244, 2025-ல 3,935. குரூப் 2, 2ஏ சேர்த்து 2024-ல 2,327, 2025-ல 645. பின்னாடி காலியிடம் கூட்டுவாங்க, சரிதான், ஆனா "அடுத்த வருஷம் நிறைய போஸ்ட் வரும்"னு எவனோ சொன்னதை வெச்சு வாழ்க்கைல பிளான் போடாதீங்க. 2024 குரூப் 4-ஐ 15 லட்சம் பேருக்கு மேல எழுதினாங்க. பயமுறுத்த சொல்லல. இந்தக் கூட்டத்துல அரைகுறையா நாலு தேர்வுக்கு படிக்கிறவங்களும் இருக்காங்க, ஒன்னை உருப்படியா படிக்கிறவங்களும் இருக்காங்க, நீங்க எந்தப் பக்கம்னுதான் கேக்கறேன்.

படி 3: முடிவு தேதி, முடிவு மார்க்

இதைத்தான் யாரும் பண்ண மாட்டேங்கறாங்க. "கிடைக்கிற வரைக்கும் படிப்பேன்"னு சொல்றது கேக்க நல்லா இருக்கு, அப்படியே ஏழு எட்டு வருஷம் போனவங்களை எனக்குத் தெரியும்.

இந்தத் தேர்வுகள் நேரத்தை எப்படி சாப்பிடும்னு பாருங்க. 2022 குரூப் 4 ஜூலை 24-ல நடந்துச்சு, ரிசல்ட் வந்தது 2023 மார்ச் 24. அதே 2022 குரூப் 2 பிரிலிம்ஸ் மே 21, மெயின்ஸ் 2023 பிப்ரவரி 25, அதோட ரிசல்ட் வந்தது 2024 ஜனவரில. இப்ப வேகம் கூடிடுச்சு, 2024 குரூப் 4 ஜூன் 9-ல நடந்து அக்டோபர் கடைசில ரிசல்ட் வந்துடுச்சு. இருந்தாலும் ஒரு முயற்சின்னா படிக்க ஆரம்பிச்சதுல இருந்து கையில ஆர்டர் வாங்கற வரைக்கும் ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆகும்னு வெச்சுக்கோங்க.

அதனால முதல்லயே எழுதுங்க: எத்தனை தேர்வு எழுதுவேன் (என்னைக் கேட்டா ரெண்டு குரூப் 4, ரெண்டு குரூப் 2 போதும்), எந்த மாசம் வரைக்கும், எந்த மார்க்குக்கு கீழ இருந்தா நிறுத்துவேன். மார்க் ரொம்ப முக்கியம். "கட் ஆஃப்க்கு பக்கத்துல வந்துட்டேன்"ங்கற உணர்ச்சி எல்லாருக்கும் வரும், போன தடவை உங்க பிரிவுக்கு கடைசியா எடுத்தவங்களோட மார்க்கையும் உங்க மார்க்கையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பார்த்தாதான் நிஜம் தெரியும். பத்து கேள்வி வித்தியாசம்னா இன்னொரு முயற்சி நியாயம். ரெண்டு முயற்சிக்கு அப்புறமும் நாப்பது கேள்வி வித்தியாசம்னா முறையை மாத்தணும், இல்ல பாதையை மாத்தணும்.

இந்தப் பேப்பரை வீட்ல ஒருத்தர்கிட்ட காட்டி வைங்க. அம்மாவோ, கணவரோ, மனைவியோ, யாராவது. நிறுத்த வேண்டிய அன்னைக்கு நாமளே நம்மகிட்ட பேரம் பேசுவோம், அப்ப அவங்க அந்தப் பேப்பரை எடுத்துக் காட்டணும்.

படி 4: வாரக் கணக்கு

"தினமும் நாலு மணி நேரம்"னு போட்டு மூணாவது நாளே உடையறதை விட வாரத்துக்குன்னு கணக்கு போடுங்க. வார நாள்ல காலை ஒரு மணி நேரம், ஞாயித்துக்கிழமை ஆறு மணி நேரம், சனி லீவா இருந்தா அதுல மூணு, பதினாலு பதினஞ்சு மணி நேரம் வந்துடும். இது போதுமான்னா, எதைப் படிக்கணும்னு சரியா எடுத்தா போதும்.

நைட் படிப்பை நான் சிபாரிசு பண்ணவே மாட்டேன், வேலை பார்த்துட்டு வந்த கண்ணு பக்கத்தை பார்க்கும், மண்டைல ஏறாது. பஸ், ட்ரெயின் நேரத்தை புதுசா படிக்க வெச்சுக்காம முந்தின நாள் படிச்சதை திரும்ப ஓட்டிப் பார்க்க மட்டும் வெச்சுக்கோங்க. வீட்ல இடம் இல்லாதவங்க ஞாயித்துக்கிழமை லைப்ரரிக்கு போங்க, சென்னைல இருக்கிறவங்களுக்கு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல நம்ம புக்கை கொண்டு போய் படிக்க தனி இடமே இருக்கு, மதுரைக்காரங்களுக்கு 2023-ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். கோச்சிங்குக்கு காசு இல்லன்னா மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துல தன்னார்வ பயிலும் வட்டம்னு இலவச வகுப்பு நடத்துவாங்க, போய் விசாரிங்க.

படி 5: மார்க் இருக்கிற இடத்துல நேரத்தை போடுங்க

இதுதான் இந்த வழிகாட்டிலயே முக்கியமான படி, கொஞ்சம் பொறுமையா படிங்க.

குரூப் 4 மொத்தம் 300 மார்க், ஒரு கேள்விக்கு ஒன்றரை. தமிழ் பகுதி 150 மார்க்ல 60 எடுக்கலன்னா மீதி விடைத்தாளை திருத்தவே மாட்டாங்க. 2025 ஜூலை தேர்வுக்கு இருந்த பாடத்திட்டப்படி பொது அறிவு 75 கேள்வி எப்படி பிரியுதுன்னா, அறிவியல் 5, புவியியல் 5, இந்திய வரலாறும் தேசிய இயக்கமும் 10, ஆட்சியியல் 15, பொருளாதாரமும் தமிழ்நாட்டு வளர்ச்சி நிர்வாகமும் 20, தமிழ்நாட்டு வரலாறு பண்பாடு சமூக அரசியல் இயக்கங்கள் 20.

இப்ப சொல்லுங்க, புதுசா ஆரம்பிக்கிறவங்க முதல்ல எதை எடுக்கறாங்க? ஆறாம் வகுப்பு அறிவியல், முதல் பாடம் அளவீடுகள். அடுத்து விசையும் இயக்கமும். அப்படியே பத்தாம் வகுப்பு வரைக்கும் அறிவியலை முடிச்சுட்டுதான் மத்ததுன்னு உக்காருவாங்க, மூணு மாசம் போயிடும், மொத்தம் அஞ்சே கேள்விக்கு! ஏன் அப்படின்னா ஷெல்ஃப்ல அந்த புக்தான் முதல்ல இருக்கு, டெஸ்ட் பேட்ச் (காசு கட்டி சேர்ந்து எழுதற மாதிரித் தேர்வுகள்) ஷெட்யூல்லயும் முதல் வாரம் அதுதான் போட்டிருக்கு. யாரோ போட்ட வரிசைல போறோம், நாம யோசிக்கல.

தமிழ்லயும் இதே கதை. இலக்கணம் 25, சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, வாசிச்சு புரிஞ்சுக்கிறது 15, கலைச்சொற்கள் 10, மொழிபெயர்ப்பு 5, இலக்கியமும் தமிழறிஞர்களும் 15. பழைய பழக்கத்துல எல்லாரும் எந்த நூலை யார் எழுதினாங்கன்னு மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருக்காங்க, அது வர்றது அந்த 15-க்குள்ள மட்டும்தான். இலக்கணத்தை ஒழுங்கா புரிஞ்சுக்கிட்டவங்களுக்கு எழுதும் திறன்லயும் பாதி வந்துடும்.

அதனால ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மூணு கட்டம் போடுங்க. முதல் கட்டத்துல தமிழ் இலக்கணம், சொல்லகராதி, எழுதும் திறன், ஆப்டிட்யூட் 25, ஆட்சியியல் 15, இது தினமும் கை படணும். ஆப்டிட்யூட்ல தனிவட்டி, கூட்டுவட்டி, சதவீதம், விகிதம், காலமும் வேலையும், பரப்பளவு கன அளவுன்னு ஒரு சின்ன வட்டத்துக்குள்ளதான் கேள்வி சுத்தும், கணக்கு வராதுன்னு சொல்றவங்களுக்கு கூட பழைய வினாத்தாளை போட்டுப் போட்டு 20 தாண்டிடும். ரெண்டாவது கட்டத்துல அந்த ரெண்டு 20 கேள்வி பகுதி, அப்புறம் தேசிய இயக்கம், இது வார இறுதிக்கு. மூணாவது கட்டம் கடைசி ரெண்டு மாசத்துக்கு, நேரம் இருந்தா மட்டும்: அறிவியல், புவியியல்.

மூணாவது கட்டத்தை எழுதும்போது கை நடுங்கும். "அஞ்சு கேள்வி போனா அஞ்சு பேர் முன்னாடி போயிடுவாங்களே"ன்னு தோணும். உண்மைதான், அஞ்சு கேள்வி இல்ல, ஒரு கேள்விக்கே ஆயிரக்கணக்கான பேர் முன்னாடி போவாங்க. ஆனா அந்த மூணு மாசத்துல இலக்கணத்துலயும் ஆட்சியியல்லயும் போகப் போற கேள்விகளை யார் எடுத்துக் கொடுப்பா? அறிவியல் படிச்சுட்டு வந்தவங்களுக்கு இது பொருந்தாது, அவங்களுக்கு அந்த அஞ்சு ஏற்கனவே கையில இருக்கு. அடுத்த தேர்வுக்கு பாடத்திட்டத்துல எண்ணிக்கை மாறினா கட்டத்தையும் மாத்திக்கோங்க, டிஎன்பிஎஸ்சி தளத்துல இருக்கிற பாடத்திட்டத்தை நீங்களே இறக்கிப் பாருங்க, யூட்யூப் தம்ப்நெயில்ல பார்த்துட்டு நம்பாதீங்க.

படி 6: ஒவ்வொன்னுக்கும் ஒரே ஒரு புக்

சமச்சீர் புக், ஆப்டிட்யூட்டுக்கு ஒன்னு, பழைய வினாத்தாள் தொகுப்பு ஒன்னு, மாசம் ஒரு கரண்ட் அஃபயர்ஸ். முடிஞ்சுது. டெலிகிராம்ல வர்ற பிடிஎஃப் எல்லாம் சமச்சீர் புக்கை வேற வேற ஃபாண்ட்ல போட்டதுதான், இறக்கி வெச்சா படிச்ச மாதிரி ஒரு திருப்தி வரும், அதுதான் ஆபத்து. க்ரூப்ல இருந்து வெளிய வாங்க, ம்யூட் போட்டா பத்தாது, மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பீங்க. தேர்வு அறிவிப்பு மிஸ் ஆயிடுமோன்னு பயமா இருந்தா டிஎன்பிஎஸ்சி வருஷா வருஷம் ஆண்டுத் திட்டம் வெளியிடும், எந்த தேர்வுக்கு எப்ப அறிவிப்பு, எப்ப எக்ஸாம்னு அதுல இருக்கும், பிரிண்ட் எடுத்து செவுத்துல ஒட்டிடுங்க.

படிக்கிற ஒரு மணி நேரம் ஃபோன் வேற ரூம்ல இருக்கட்டும். டைமர் வெக்கணும்னு ஃபோனை பக்கத்துல வெக்காதீங்க, கடிகாரம் நூறு ரூபாய்க்கு கிடைக்குது.

படி 7: டெஸ்ட் போட்டதும் மார்க்கை மட்டும் பார்க்காதீங்க

டெஸ்ட் எழுதும்போதே ஒவ்வொரு கேள்விக்கும் ஓரத்துல ஒரு குறி போடுங்க. நல்லா தெரிஞ்சா டிக், ரெண்டுல ஒன்னுன்னு சந்தேகம்னா கேள்விக்குறி, சும்மா குத்தினா புள்ளி. திருத்தினதுக்கு அப்புறம் டிக் போட்டு தப்பானது எத்தனைன்னு பாருங்க, அங்கதான் உண்மையான ஓட்டை, தெரியும்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம் ஆனா தெரியல. கேள்விக்குறி நிறைய இருந்தா ரிவிஷன் பத்தல. புள்ளி நிறைய இருந்தா அந்தப் பாடமே படிக்கல. அடுத்த வாரம் என்ன படிக்கணும்னு டெஸ்ட் பேட்ச்காரர் சொல்லத் தேவையில்ல, இந்தத் தாளே சொல்லும்.

ஓஎம்ஆர் விடைத்தாள்ல ஒவ்வொரு கேள்விக்கும் A-ல இருந்து E வரைக்கும் அஞ்சு வட்டம் இருக்கும், விடை தெரியலன்னா E. மைனஸ் இல்லாத தேர்வுல ஏன் E ஷேட் பண்ணணும், ஒரு விடையை தேர்ந்தெடுத்துடுங்க, ஆனா எந்த வட்டமும் ஷேட் பண்ணாம வெறுமையா மட்டும் விட்டுடாதீங்க.

படி 8: வீட்லயும் ஆபீஸ்லயும் சொல்லிடுங்க

"எப்படிம்மா போகாம இருக்கறது, சித்தி பொண்ணு வளைகாப்பு, நாளைக்கு நம்ம வீட்டு விசேஷத்துக்கு யாரு வருவா?" இது எல்லா வீட்லயும் வரும். எல்லாத்துக்கும் போக மாட்டேன்னு சொன்னா சண்டைதான். நான் சொன்னது, "அம்மா, கூடப் பிறந்தவங்க முறைல நடக்கிறதுக்கு எல்லாம் வரேன், மத்ததுக்கு நீங்க போங்க, ஜூன் வரைக்கும்தான்." தேதி சொன்னதும் அம்மா ஒத்துக்கிட்டாங்க. முடிவே இல்லாத "படிக்கணும்மா"வுக்குத்தான் வீட்ல மதிப்பு இல்ல. பொண்ணுங்களுக்கு இது இன்னும் கஷ்டம், காலைல அஞ்சரைக்கு எழுந்தா படிக்க எழுந்தான்னு யாரும் நினைக்க மாட்டாங்க, டிகாஷன் போடத்தான்னு நினைப்பாங்க, அந்த ஒரு மணி நேரம் கிச்சன் யாரோடதுன்னு வாய் விட்டு பேசித்தான் ஆகணும்.

ஆபீஸ்ல தேர்வுக்கு படிக்கிறேன்னு ஊரைக் கூட்டி சொல்ல வேணாம், இன்க்ரிமெண்ட் நேரத்துல அதையே எடுத்துப் பேசுவாங்க. புது ப்ராஜெக்ட் வந்தா மட்டும், "இதை எடுத்துக்கிட்டா இப்ப பார்க்கிற மன்த் எண்ட் க்ளோசிங் யாருக்கு சார் கொடுக்கறது?"னு கேளுங்க. முடியாதுன்னு சொல்லல, ஆனா அவரும் யோசிக்கணும்ல.

வேலையை விட்டுடலாமான்னு கேக்கறவங்களுக்கு: பிரிலிம்ஸ் தாண்டற வரைக்கும் விடாதீங்க. கையில ஒரு வருஷ வீட்டுச் செலவு இருந்து, கடன் இல்லாம, டெஸ்ட்ல கட் ஆஃப் பக்கத்துல மார்க் வந்துக்கிட்டு இருந்தா மட்டும் யோசிக்கலாம். குரூப் 2 மெயின்ஸ் வந்தா சேர்த்து வெச்ச லீவை மொத்தமா அப்ப எடுங்க, இப்பவே ஒன்னு ரெண்டா கரைக்காதீங்க.

படி 9: தேர்வு முடிஞ்ச அடுத்த வாரம்

உத்தேச விடைக்குறிப்பு சீக்கிரமே தளத்துல வந்துடும். அதை வெச்சு மார்க்கை நீங்களே போட்டு, படி 3 பேப்பர் பக்கத்துல வைங்க. ரிசல்ட் வரட்டும்னு மாசக்கணக்கா காத்துக்கிட்டு இருக்கிறதுதான் ரொம்ப பேரோட வருஷத்தை தின்னது. மார்க் நல்லா இருந்தா சர்டிஃபிகேட் வேலையை ஆரம்பிங்க, முக்கியமா தமிழ் வழி இட ஒதுக்கீடு 20 சதவீதம் கேக்கறவங்க ஒன்னாம் வகுப்புல இருந்து படிச்ச ஒவ்வொரு பள்ளிக்கூடத்துலயும் சான்றிதழ் வாங்கணும், சில ஸ்கூல் மூடியே போயிருக்கும், அலைய நேரம் வேணும்.

நீங்க எழுதின மார்க்குக்கு கீழ இருந்து, எழுதின தேதியும் வந்துடுச்சுன்னா நிறுத்துங்க. அந்த வாரமே புக்ஸை படிக்கிற யாருக்காவது கொடுங்க, டெஸ்ட் பேட்சை ரினியூ பண்ணாதீங்க, அடுத்த அறிவிப்புக்கு "சும்மா"ன்னு அப்ளை பண்ணாதீங்க, ஹால் டிக்கெட் வந்தா திரும்ப பழைய புக்கைத் தேட ஆரம்பிச்சுடுவீங்க. காலைல அஞ்சரைக்கு எழுந்திருக்கிற பழக்கம் இருக்குல்ல, அதே ஒரு மணி நேரத்துல டேலியோ, எக்செலோ, உங்க வேலைல அடுத்த சம்பளத்துக்கு எது வேணுமோ அதை எடுத்து உக்காருங்க.